சஹனிலிருந்து எழும்பியவர்

"காலை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க ஹாஜியார்" என்று சொல்லி, பாயிஸ் மண்டியிட்டு ஹுஸைன் ஹாஜியாரின் கெண்டைக்காலில் சவர்க்காரம் தேய்த்துவிட்டார். மழை விட்ட மறுநாள் நக்கிள்ஸ் மலையில் அட்டை சும்மா விடாது. சவர்க்காரம் பூசினால் கிட்ட வராது.

வாடகைக் கரவன் வேன் ஓட்டுகிறவர் இப்படியும் கவனிப்பாரா என்று ஹாஜியாரின் மருமகளுக்கு ஆச்சரியம். பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அட்டை கடித்து ஆள் பாதி வழியில் திரும்பிவிட்டால் பாயிஸ் ஆறு வருஷம் காத்திருந்தது வீணாகப் போய்விடுமே.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே ஹாஜியார், மகன் ஹுதைபாவுக்குப் பெண் பேச கெலிஓயாவில் பாயிஸின் வீட்டுக்கு வந்தார். பெண் அம்னா, பாயிஸுக்கு ஒரே மகள். அவளுக்குக் கெம்பஸில், அதான் பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்த கடிதம் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. கண்டி டவுனில் புடவைக் கடை வைத்திருக்கிற இடம் வீடு தேடி வரும்போது படிப்பாவது ஒன்றாவது என்று பாயிஸ் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஆண்கள் முன்னறையில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தப் பெரிய தட்டில் இரண்டு வீட்டாரும் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிட்டு, கடைசியில் துஆவும் ஓதிவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. உள்ளே ஹாஜியாரின் மனைவி றம்லத்துக்கு அம்னாவே வட்டிலாப்பம் கொண்டு போய்க் கொடுத்து, பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருந்தாள்.

சோறு பாதிகூட முடியவில்லை. றம்லத் திரைக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள். உள்ளே போய் வந்த ஹாஜியார், "எங்களுக்கு இது சரிவராது" என்று சொல்லிவிட்டு மகனையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

சஹனிலிருந்து பாதியில் எழும்புவதும் முகத்தில் காறித் துப்புவதும் ஒன்றுதான். ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண்ணில் ஏதோ குறை என்று கெலிஓயா முழுக்கக் கதை. அதற்குப் பிறகு உருப்படியாக ஒரு சம்பந்தமும் வரவில்லை. பாயிஸின் மனைவி மஸாஹிரா அன்று தொடக்கம் ஒரு கல்யாண வீட்டு வாசலையும் மிதித்ததில்லை.

அம்னா பேராதனைக்குப் படிக்கப் போய், இப்போது அங்கேயே படிப்பிக்கிறாள். விட்டுத் தள்ளுங்கள் வாப்பா என்பாள். எப்படி விடுவதாம்? பெற்ற மனமல்லவா எரிகிறது.

போன கிழமை கரவன் புக்கிங்கில் ஹாஜியாரின் பெயரைப் பார்த்ததும், அல்லாஹ்வே கொண்டுவந்து கையில் தந்துவிட்டான் என்று நினைத்தார் பாயிஸ். காலையில் ஏறும்போது ஹாஜியார் ஸலாம் சொன்னதோடு சரி, முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிற திமிரைப் பார் என்று பாயிஸ் பல்லைக் கடித்துக்கொண்டார்.

நாலு மணித்தியாலம் ஏறினார்கள். உச்சிக்குப் போய் லுஹர் தொழுததும், பாயிஸ் முதுகில் கட்டித் தூக்கி வந்த சஹனை விரிப்பில் வைத்து, நெய்ச்சோற்றையும் கோழிப் பொரியலையும் கொட்டினார். ஹுதைபாவோடு சஹனில் உட்கார்ந்த ஹாஜியாரே நகர்ந்து, பக்கத்தில் வந்து உட்காரும்படி பாயிஸுக்கு இடம் விட்டார். றம்லத்தும் மருமகளும் கொஞ்சம் தள்ளி வேறு தட்டில் இருந்தார்கள்.

பாயிஸ் நாலு பிடி சாப்பிட்டார். ஐந்தாவதை வாய்க்குக் கொண்டு போகாமல் அப்படியே சஹனில் போட்டுவிட்டு எழும்பினார்.

"எங்களுக்கு இது சரிவராது."

ஹுதைபாவின் கை அந்தரத்தில் நின்றது. ஹாஜியார் குனிந்த தலை நிமிரவில்லை.

அதற்கு மேல் பாயிஸுக்கு வாய் நிற்கவில்லை. ஆறு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். ஒரு பச்சைப் பிள்ளையின் வாழ்க்கையை நாசமாக்கியவன் இன்றைக்கு மகன் மருமகளோடு மலை பார்க்க வந்திருக்கிறாயா என்று கேட்டார். ஒரு தகப்பனின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டவனுக்கு அந்த ருசி தெரியத்தான் இவ்வளவு தூரம் ஏற்றி வந்தேன் என்றார்.

ஹாஜியார் வாதாடவில்லை. "நாங்க செஞ்சது பிழைதான். மன்னிச்சுக்கோங்க" என்றார் மெதுவாக.

இதைக் கேட்கத்தானே இத்தனை பாடு. பாயிஸுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் மஸாஹிராவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கை கழுவத் திரும்பினார்.

றம்லத்துக்குத்தான் பொறுக்கவில்லை. புருஷன் வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டியும் கேட்காமல் எழும்பி வந்தாள். யாருக்கோ கொடுத்த வாக்குக்காக இந்த மனுஷன் இன்னும் எவ்வளவு ஏச்சுத்தான் வாங்குவார் என்று கேட்டாள். யாருக்குக் கொடுத்த வாக்கு என்று கேட்டார் பாயிஸ்.

"பாயிஸ் நானா, அன்டைக்கு எழும்பிப் போங்கண்டு என்ட கையப் புடிச்சிக் கெஞ்சினது ஒங்கட மகள்தான்."