பந்தி விசாரிப்பு

கள்ளக்குறிச்சியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. "ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்னா, ஒட்டாத எடத்துல போய் மாட்டிக்கினு முழிக்கிறது. ஆளுக்கொரு அனுபவம் சொல்லுங்க," என்றார் சார்.

மாமியார் வீடு என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது.

சுபஸ்ரீ மனமில்லாமல்தான் எழுந்தாள்.

"நானும் எங்க வூட்டுக்காரரு பிரிட்டோவும் மணலூர்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோங்க. பந்தியில பொண்ணோட அப்பா எலை எலையா விசாரிச்சிக்கினு வந்தாரு. எங்கிட்ட வந்து, 'நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?'ன்னு கேட்டாரு."

"தெரியாதவங்களக்கூட மரியாதையா விசாரிச்சிருக்காரு. இதுல முழிக்க இன்னா இருக்குது?" என்று சிரித்தார் சார்.

"கல்யாணப் பொண்ணு என் கூடப்பொறந்த தங்கச்சிங்க சார்," என்றாள் சுபஸ்ரீ. "எங்கப்பா என்னை 'நீங்க'ன்னு கூப்புட்டது அதான் மொத தபா."