ஐந்தாவது போட்டோ

“எடுக்கக் கூடாதுன்னா கூடாதுதான்!”

மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்யும் பாண்டுரங்கன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டுடியோவுக்குள் வந்து, கேமராவுக்கும் தன் மகளுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த போட்டோக்காரர் சின்னப்பராஜ், பெண்ணின் முகம் இருந்த இடத்தில் தலைகீழாக ஒரு வேட்டி தெரிவதைப் பார்த்து வெளியே வந்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணவேணி தலையைக் குனிந்துகொண்டாள்.

அதுவரை என்ன அழகாக உட்கார்ந்திருந்தாள்! முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, மோவாயைக் கொஞ்சம் உயர்த்தி. போட்டோ எடுத்தே பழக்கமில்லாத பெண்ணுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கூட்டி வந்திருந்த வீணை டீச்சர் காந்திமதி அப்போதுதான் நினைத்தாள்.

“இன்னா டீச்சரம்மா இது? வயசுப் பொண்ணு போட்டோவ மெட்ராசுக்கு அனுப்பிச்சா, அங்க எவன் எவன் கையில மாறிக்கினு இருக்குமோ! எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கெடையாது.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே!

அரசாங்கத்துச் சங்கீதப் பரீட்சை. வீணையில் லோயர் கிரேடு. திண்டிவனத்தில் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு அப்பனிடமும் கெஞ்சி, ஐந்து பெண்களைச் சேர்த்திருந்தாள். ஐந்து பேர் இருந்தால்தான் விழுப்புரத்தில் சென்டர் போடுவார்களாம். ஒன்று குறைந்தாலும் மெட்ராசுக்குத்தான் போகவேண்டுமாம்.

மெட்ராசுக்கு எந்த வீட்டில் அனுப்புவார்கள்? விழுப்புரத்துக்கே, பொழுதோடு திரும்பிவிடுவீர்களா என்று ஆயிரம் தடவை கேட்டார்கள்.

மற்ற நாலு அப்ளிகேஷனிலும் போட்டோ ஒட்டியாகிவிட்டது. இதுதான் பாக்கி. போட்டோவின் மேல் கையெழுத்துப் போட்டுத் தருவதற்குக் கான்வென்ட் சிஸ்டர் காத்துக்கொண்டிருக்கிறார். இன்றைய தபாலில் போகாவிட்டால் ஐந்து பேருக்கும் இந்த வருஷம் பரீட்சை இல்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்க்கு வந்தபடி சொல்லலாம். அதற்குள் எத்தனை பேர் கழுத்தில் தாலி ஏறியிருக்குமோ, யார் கண்டது?

அதுவும் இவளுக்கா இந்தக் கதி? மற்ற நாலும் வாசிக்கும், பாஸ் பண்ணும். கிருஷ்ணவேணி வாசித்தால் தெருவில் போகிற தயிர்க்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பாள்.

இந்த மனுஷரும் அப்ளிகேஷனில் கையெழுத்துப் போட்டவர்தானே? வீணை என்றால் அவருக்கு அப்படியொரு பக்தி என்று டீச்சர் நம்பியிருந்தாள். போன சரஸ்வதி பூசைக்கு, வீட்டில் வைத்துக் கும்பிட வேண்டும் என்று ஜட்கா வண்டி அனுப்பி டீச்சரின் வீணையைத்தான் வாங்கிப்போனார். ஒரு தந்தி அறுந்து திரும்பி வந்தது. சாமிக்கு வைத்ததாச்சே, போகட்டும் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

“யாரும் பார்க்கப்போறதில்லைங்க. பரீட்சைக்கு வந்த பொண்ணு இவதானான்னு சரிபார்ப்பாங்க, அவ்வளவுதான்.”

“அதான் வேணாங்கறேன். கண்டவன் உத்து உத்துப் பார்க்கவா பொண்ண வளர்த்தேன்?”

சின்னப்பராஜுக்கு இந்தச் சண்டை எப்படியாவது தீர்ந்தால் போதும் என்று இருந்தது. நல்ல மனுஷர். சூது வாது தெரியாது.

“புதுசா எடுக்க வேணாம்னா விடுங்க மொதலாளி. பழசுல ஒண்ணு குடுத்துட்டாப் போச்சு. பன்னெண்டு காப்பி பத்தலன்னு இன்னும் ஆறு கேட்டுக்கினு இருந்தீங்களே, ரெடியா கீது.”

சொன்னவர் இழுப்பறையிலிருந்து உறையை எடுத்து டீச்சர் கையிலேயே கொடுத்தும்விட்டார்.

படத்தில் கிருஷ்ணவேணி. பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ. முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, மோவாயைக் கொஞ்சம் உயர்த்தி.

மடியில் வீணை. யாளி முகத்தில் ஒரு காது உடைந்த வீணை.

அந்தக் காது, டீச்சர் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அன்று ரயிலிலிருந்து இறக்கும்போது உடைந்தது.

அடப்பாவி! படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். பன்னிரண்டு காப்பியும் மாப்பிள்ளை தேடி ஊர் ஊராகப் போயிருக்கிறது. எந்தெந்தக் கூடத்தில் உட்கார்ந்து, எவன் எவன் கையில் மாறி, மூக்குக்கும் நிறத்துக்கும் நொட்டை சொன்னார்களோ! அங்கெல்லாம் போகலாம். பரீட்சைக்கு மட்டும் போகக் கூடாது.

பாண்டுரங்கன் விட்டத்தைப் பார்த்தார்.

“அது வேற டீச்சரம்மா... அது நல்ல காரியத்துக்கு...”

டீச்சர் மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு படத்தில் முகத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டினாள். தபால்தலை அளவுக்குத்தான் வந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. பசை தடவி அப்ளிகேஷனில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள்.

மிச்சத்தைக் கொண்டுபோய்ப் பாண்டுரங்கன் கையில் வைத்தாள். முகம் இருந்த இடத்தில் ஓட்டை. பட்டும் வீணையும் அப்படியே இருந்தன.

“இந்தாங்க, இத மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிக்குங்க. என் வீணையக் காட்டத்தானே எடுத்தீங்க?”

மண்டியில் ஊரையே அதட்டுகிற மனுஷர் அந்த ஓட்டைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கிருஷ்ணவேணி ஸ்டூலைவிட்டு இறங்கி வந்தாள். உறையில் மீதி இருந்த படங்களை எடுத்து, ஒவ்வொன்றாக மேஜைமேல் பரப்பினாள்.

அப்புறம் கத்தரிக்கோலுக்காக டீச்சரிடம் கையை நீட்டினாள்.