கண் மட்டும் பாக்கி

பெரியவர் பச்சியப்பனின் படத்தில் கண் மட்டும்தான் பாக்கி. சவுரியப்பன் தூரிகையைக் கறுப்பு மையில் தோய்த்ததும், பக்கத்தில் நின்ற பெரியவரின் மூத்த மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அவள் அழுததில் தப்பில்லை. பாப்பாரப்பட்டியில் கடைப் பலகை எழுதும் சவுரியப்பன் ஓர் ஆளை வரைந்து கண் வைத்தால், அந்த ஆள் எட்டே நாளில் கண்ணை மூடிவிடுவார் என்பது ஏரியூர் வரைக்கும் தெரிந்த சங்கதி. நாலு பேர் அப்படிப் போயிருந்தார்கள்.

நாலு பேரும் இழுத்துக்கொண்டு கிடந்த பிறகுதான் தன்னைக் கூப்பிட்டார்கள் என்று அவன் சொன்னால் யார் காதில் ஏறுகிறது? ஐந்தாவது ஆளும் போய்விட்டால் கடைப் பலகைக்குக்கூட எவனும் கூப்பிட மாட்டான். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போய் மண் சுமக்க வேண்டியதுதான்.

அவன் மாட்டேன் என்றுதான் சொன்னான். பெரியவர் பச்சியப்பன் விடவில்லை. "வாழ்ந்தது போதும். வந்து வரைஞ்சிட்டுப் போ, நடக்கறது நடக்கட்டும்" என்றுவிட்டார்.

மனைவி போனபின் மூன்று வருஷமாகத் தனியாகப் பொங்கித் தின்றவர் அவர். மூத்தவன் கிருஷ்ணப்பனுக்குச் சேலத்தில் மில் வேலை, இளையவன் முனிராஜுக்குப் பெங்களூரில். இரண்டு பேருக்கும் தீபாவளிக்குக்கூட லீவு கிடைத்ததில்லை. படம் வரையும் சேதி போனதும் கிடைத்துவிட்டது.

நாலு நாளாக ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் வேளைக்கு இரண்டு உருண்டை களியும் கோழிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, படத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பா, கண்ண மட்டும் வேணாம்னு சொல்லுங்கப்பா" என்று முனிராஜ் கெஞ்சினான். இனிமேல் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு வந்துவிடுவதாக அண்ணனும் தம்பியும் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்கள். பெரியவர் மனசே இல்லாமல் தலையாட்டினார்.

சவுரியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் மனம் மாறுவதற்குள் மைப் புட்டிகளை மூடிக்கொண்டு கிளம்பினான். பெரியவர் மட்டும் வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்தார்.

"அந்தப் படம் இனி எதுக்குங்க? கிழிச்சுப் போட்டுருங்க" என்றான்.

பெரியவர் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கிழிக்கறதா? பசங்க வர்றது நின்னுதுன்னா சொல்லியனுப்பறேன், வந்து கண்ணு வைக்கற மாதிரி உக்காரு."