75498137 பகா எண்ணா?

கணக்கு வாத்தியாருக்குக் காது அரித்தது. ஒரு தடவை சொறிந்தால் போதாதென்று, மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, எறும்பு ஏதாவது புகுந்துடுச்சா?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

"சும்மா இரு. மேடையைப் பாரு."

மேடையில் அவர்கள் மகளும் வேறு பள்ளிப் பையன் ஒருவனும் நின்றார்கள். கணிதப் போட்டியின் கடைசிச் சுற்று, இருவருக்கும் சம மதிப்பெண். முதலில் பதில் சொல்ல வேண்டியவள் மகள். தவறினால் வெற்றி பையனுக்கு. ஜெயிப்பவருக்குத் தேசிய அணியில் இடம். அந்த இடம் தன் மகளுக்குத்தான் என்று வாத்தியார் ஆசிரியர் அறையில் ஒரு வாரமாகத் தம்பட்டம் அடித்திருந்தார்.

திரையில் 75498137 என்ற எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண்ணா, வேறு எண்ணாலும் வகுபடும் பகு எண்ணா?

வாத்தியாருக்கு இதெல்லாம் ஜுஜுபி. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினார்; இரண்டு கூட்டலும் சரிசமம். அப்படியென்றால் பதினொன்றால் வகுபடும். பகு எண்!

காது அரித்தது அதற்கப்புறம்தான். மகள் சின்னவளாக இருந்தபோது சாப்பாட்டு மேசையில் இருவரும் ஆடிய விளையாட்டு அது. மூக்கைத் தொட்டால் பகா எண், காதைத் தொட்டால் பகு எண்.

மகள் உதடுகள் முணுமுணுக்க, இரண்டு கை விரல்களையும் மாற்றி மாற்றி மடக்கிக்கொண்டிருந்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது. நிமிர்ந்து கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள்.

கண்டுபிடித்தாள். மலர்ந்த முகம் வாடிப்போனது.

"பகா எண்," என்றாள்.

மணி அடித்தது. பையனை அவன் பள்ளிக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

வாத்தியாருக்கு மானம் கப்பலேறியது. "அப்பாவே கணக்கு வாத்தியார், பாவம்" என்று பின்வரிசையில் யாரோ சொல்வது கேட்டது. தெரிந்தவர் யார் கண்ணிலும் படாமல், குனிந்த தலையோடு வெளியேறினார்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்ததும் வெடித்தார். "என் மானத்தை வாங்கிட்டியே! நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போவேன்?"

"விடுங்க, குழந்தையே நொந்துபோயிருக்கு," என்றாள் மனைவி.

"என்னத்தை விடுறது? காது பிஞ்சு கையோட வர்ற மாதிரி இழுத்தேனே! நீ பாக்கவே இல்லையா?"

"பாத்தேம்பா."

"பாத்துட்டுமா தப்பா சொன்னே?"

மகள் அவருடைய காதைப் பார்த்தாள். அது இன்னும் சிவந்திருந்தது.

"விடையை நானே கண்டுபிடிச்சிட்டேம்பா. நீங்க காதைத் தொட்டதும், அதைச் சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு."