முதல் துண்டு

"நம்ம ரொட்டியை நாமளே துப்பினா, வாங்கித் திங்கறவன் என்ன நினைப்பான்?"

முதலாளியம்மா போட்ட சத்தம் பேக்கரி வாசல்வரை கேட்டது. வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

ரொட்டி போடுகிற மாஸ்டர் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நின்றார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு தடவையும் அடுப்பிலிருந்து இறங்குகிற முதல் ரொட்டியை வாடிக்கையாளர்கள் கண்ணெதிரே அறுப்பார்கள். முதல் துண்டை மாஸ்டர் தின்று காட்ட வேண்டும். அவர் தலையாட்டின பிறகுதான் விற்பனை. பத்தொன்பது வருஷமாக அவர் தலைதான் ஆடுகிறது.

இன்றைக்கு அவர் மென்ற துண்டை உள்ளே போய்க் குப்பைக்கூடையில் துப்பியதைக் கல்லாவில் உட்காரும் பெண் பார்த்துவிட்டாள்.

"கூடையைக் கிளறியும் பாத்துட்டேம்மா. காலையிலேருந்து அஞ்சு தடவை ரொட்டி இறங்கியிருக்கு. அஞ்சு உருண்டை கிடக்கு."

"ஏன் மாஸ்டர், மாவுல கோளாறா?"

"மாவு தங்கமா இருக்கும்மா."

"அப்புறம் என்ன கேடு?"

"ருசி பாக்க நாக்கு போதும்மா. முழுங்கணும்னு இல்லையே."

கல்லாப் பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணன் டயட்டுல இருக்காரும்மா. சோறு, ரொட்டி, சர்க்கரை எதையும் தொடறதில்ல. நாலு மாசமா முட்டையும் வெண்ணெயும்தான். பெல்ட்டுல புதுசா மூணு ஓட்டை போட்டிருக்காரு, பாருங்க. நாப்பத்தெட்டு வயசுல மாப்பிள்ளை ஆகப்போறாரு!"

வரிசையிலிருந்து ஒரு அம்மா முன்னால் வந்தார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் 'சிஸ்டர்'.

"போன்ல யாரோ சொன்னான்னு மாவுச்சத்தை அடியோட நிறுத்திடறீங்க. எடை குறையும், இல்லேங்கல. கூடவே தலை சுத்தும், மலச்சிக்கல் வரும், சிலருக்குக் கிட்னியில கல்லும் வரும். வருஷக்கணக்கா இப்படியே இருந்தா இதயம் என்ன ஆகும்னு டாக்டருங்களே இன்னும் அடிச்சுக்கறாங்க. நீங்க யாரைக் கேட்டு ஆரம்பிச்சீங்க?"

"யாரையும் கேக்கல சிஸ்டர்."

"கேட்டீங்களா? யாரையும் கேக்கலையாம்!" முதலாளியம்மா மறுபடி பிடித்துக்கொண்டார். "போன வாரம் டிரேயோட சுவத்துல சாஞ்சு நின்னீங்களே. அவ்வளவு பெரிய அடுப்பு பக்கத்துல தலை சுத்தி விழுந்திருந்தா?"

"விழலையேம்மா."

"வாயைப் பாரு!"

முதலாளியம்மா கத்தியை எடுத்தார். சூடான ரொட்டியில் ஒரு துண்டு அறுத்து நீட்டினார்.

"இந்தாங்க. என் கண்ணு முன்னால மென்னு முழுங்குங்க. முடியாதுன்னா ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்புங்க. என் கடைப் பேரைக் கெடுக்கிற ஆளு எனக்கு வேண்டாம்."

துண்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் அதையே பார்த்தார். 

பிறகு இரண்டு கையும் முதுகுப் பக்கம் போயின. முடிச்சை அவிழ்த்தார். ஏப்ரனை நாலாக மடித்து மேசைமேல் வைத்தார்.

கல்லாப் பெண்ணுக்குச் சிரிப்பு நின்றுபோனது. "அண்ணே... ஒரே ஒரு வாய்தானேண்ணே? வேலையைவிட டயட்டா பெருசு?"

"முடியாதும்மா."

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி உள்ளே வந்தாள். கையைப் பிடித்தபடி ஆறு வயது மகள். குழந்தையின் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

வந்ததும் வராததுமாக மகள், "அப்பா, ஆ காட்டு" என்றாள்.

அவர் குனிந்து வாயைத் திறந்தார். எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

முதலாளியம்மாவுக்குக் கோபம் அப்பன் மேல்தான். "வாடா கண்ணு" என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினார்.

அது குழந்தை கைக்குப் போவதற்குள் மாஸ்டர் பாய்ந்து பிடுங்கிவிட்டார்.

கடையே அதிர்ந்தது.

"அட மனுஷா! உங்க கிறுக்கைப் பச்சப்புள்ள மேலயுமா காட்டறீங்க?"

"வளர்ற குழந்தைக்கு டயட்டா?" சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. "உங்களையெல்லாம் உள்ள தள்ளணும்!"

"அப்பாவைத் திட்டாதீங்க ஆன்ட்டி" என்றாள் குழந்தை. "பன் தின்னா எனக்குத் திரும்ப வலிப்பு வந்துடும்."

"ஏய், வெளிய சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல!" அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

குழந்தை அந்தக் கையை விலக்கிவிட்டாள். "எல்லாத்தையும் எடை போட்டுத்தான் தரணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. மாசாமாசம் ரத்தம் எடுக்கறாங்க. நாலு மாசமா ஒரு தடவைகூட வரல, தெரியுமா?"

சிஸ்டர் அந்தச் சின்னக் கையைப் பிடித்துப் பஞ்சைப் பார்த்தார். குரல் அடங்கிவிட்டது.

"மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு, சில பிள்ளைங்களுக்கு இந்தச் சாப்பாடேதான் மருந்து. டாக்டர் பக்கத்துல இருந்து பாத்துக் குடுக்கறது. அது வேற... நான்தான் தெரியாம..."

 முதலாளியம்மா மேசைமேல் இருந்த ஏப்ரனை எடுத்து மாஸ்டர் கையில் திணித்தார்.

"போங்க. அடுத்த டிரே கருகிடப்போகுது."

பிறகு குழந்தையிடம் குனிந்து, மெல்லக் கேட்டார்: "உங்கப்பாவுக்கும் அந்த வலிப்புதானாடா?"

"அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லையே! அவர் எனக்குத் துணைக்கு."