முப்பது வரை எண்ணுதல்

பேச்சு ஒன்றும் தப்பிவிடக் கூடாதென்று காதுக் கவசத்தை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தபடி, ஒக்லஹோமாவில் எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடையின் சுடுகூடத்தில் நிற்கிறேன். நோயாளிகளின் வீடுகளுக்குத் தனியே கார் ஓட்டிப் போகும் நர்ஸ் வெர்னா, கைப்பையில் வைத்துக்கொள்ளத் துப்பாக்கி தேர்ந்தெடுக்கிறாள். அவள் கொழுந்தன் ராய்ஸ் உள்ளங்கையளவு ஒன்றை நீட்டுகிறான். "பொம்பளைங்களுக்கு இதுதான் சரி, அண்ணி." "குட்டிதான் கையை ரொம்ப உதைக்கும், தம்பி. என் வாதக் கைக்கு இதை இழுத்து லோடு பண்ணவும் முடியல." அதைவிட ஒரு விரல் நீளம் கூடுதலானதை எடுக்கிறாள். முதல் பெட்டியின் மூன்றாவது தோட்டாவே சிக்குகிறது. அந்தப் பெட்டியை ஒதுக்குகிறாள். வேறு வகைத் தோட்டாவில் அடுத்த பெட்டி ஐம்பதும் தடங்கலின்றி வெடிக்கிறது. பித்தளைக் கூடுகள் விளக்கொளியில் மின்னி அவள் காலடியில் துள்ளுகின்றன. "அத்தனையும் வீணாக்கிட்டீங்களே! ஆறு வருஷமா அதே தோட்டாவோட என் துப்பாக்கிய இடுப்புலயே வச்சிருக்கேன், நான் ஒண்ணுகூடச் சுட்டதில்ல." "அப்ப இப்பச் சுடேன்." ராய்ஸ் தொப்பியைச் சரிசெய்து, இடுப்புத் துப்பாக்கியை உருவிக் குறிபார்த்து, விசையை அழுத்துகிறான். 'டிக்' என்கிறது, அவ்வளவுதான். "அசையாதீங்க! தாமதமா வெடிக்கலாம். முப்பது விநாடி குறியிலயே வச்சிருங்க," என்று கத்துகிறார் கூடத்துக்காரர். நீட்டிய கையோடு, காது சிவக்க ராய்ஸ் சிலையாக நிற்கிறான். வெர்னா அதே தோட்டாவில் இன்னொரு பெட்டி கேட்டபடி அவன் முதுகுக்குப் பின்னால் சாவகாசமாக நடந்து போகிறாள். முப்பது வரை சத்தமாக எண்ணுவது நான்தான். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.