க்ளைடுக்கு ஒரு சின்னத் தட்டு

"சின்னத் தட்டு பத்து வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு. உனக்கு என்ன வயசு க்ளைட்?"

மேவிஸ் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். மீன் கடைக்குச் சொந்தக்காரி. முப்பது வருஷத்தில் அவளிடம் ஒரு வறுவல் துண்டைக் கூட யாரும் பேரம் பேசி வாங்கியதில்லை.

"ஐம்பத்தி ரெண்டு," என்றான் க்ளைட். முந்நூறு பவுண்டு ஆள்.

"அப்ப பெரிய தட்டுதான்."

"மிஸ் மேவிஸ், எனக்கு ஆபரேஷன் ஆயிருக்கு. வயித்தைச் சின்னதாக்கிட்டாங்க. நாலு வாய்க்கு மேல இறங்காது."

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, ஊரே கறியை விட்டு மீன் சாப்பிடும் நாள். லூசியானாவில் அன்றைக்கு மீன் கடையில் நாற்காலி கிடைப்பதே பெரிய காரியம். அத்தனை நாற்காலிகளும் திரும்பிப் பார்த்தன.

"உனக்கா? ஆபரேஷனா?" பக்கத்து மேசையில் இருந்த தீவனக் கடை எல்ராய்க்குப் புரை ஏறியது. "எப்பப்பா?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"எவ்வளவு இறங்கிச்சு?"

"நாப்பது பவுண்டு."

"எங்க இறங்கிச்சு, முட்டிக்கா?"

கடையே சிரித்தது. எதிரே உட்கார்ந்திருந்த க்ளைடின் மனைவி நெல்டா, கை துடைக்கும் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பெரிய தட்டை வாங்கி மிச்சம் வையேன்," என்றாள் மேவிஸ்.

"மிச்சம் வெச்சா, என் மீனுக்கு என்ன குறைச்சல்னு வந்து நிப்பீங்க."

"நிப்பேன்."

"பங்கு போட்டுக்கலாம்னா, ஒரு தட்டுக்கு ஒரு ஆள்னு போர்டு வெச்சிருக்கீங்க."

"வெச்சிருக்கேன். அது உன்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான்."

"இன்னைக்கு எங்க கல்யாண நாள் மிஸ் மேவிஸ். எத்தனையோ மாசம் கழிச்சு இவளைக் கெஞ்சிக் கூத்தாடி வெளிய சாப்பிடக் கூட்டிட்டு வந்திருக்கேன். எனக்குச் சின்னது, அவளுக்குப் பெரிசு. குடுத்தா உக்கார்றோம். இல்லேன்னா எழுந்து போயிடறோம்."

மேவிஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளிடம் போய் மிரட்டலா?

"எதிர்லயே இருக்கா பாரு உன் பொண்டாட்டி! எண்பது பவுண்டு இறக்கியிருக்கா. தினம் காலைல ஆத்தங்கரையில நடந்து நடந்து இளைச்சவ. ஊரே பாத்துச்சு. நீ என்னடான்னா வயித்தை வெட்டிக்கிட்டு வந்து நிக்கற. அது குறுக்கு வழிடா. வெக்கமா இல்ல?"

நெல்டாவின் முகம் சிவந்துபோயிற்று. கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தாள். க்ளைட் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தான். அவன் குரல் ஏறியது.

"குறுக்கு வழியா? மொத ரெண்டு வாரம் வெறும் சூப்புத் தண்ணி. அப்புறம் எல்லாத்தையும் கூழா அடிச்சு, ஸ்பூன்ல ஊட்டணும்... ஊட்டிக்கணும். ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்லணும். சாப்பாட்டோட தண்ணி குடிக்கக் கூடாது. ஒரு துண்டு கேக் தின்னா நெஞ்சு படபடன்னு அடிச்சு வேர்த்துக் கொட்டும். தின்ன ஒவ்வொரு முட்டையையும் நோட்டுல எழுதணும். இத்தனையும் பண்ணிட்டு எடை மெஷின்ல ஏறினா, மூணாவது வாரம் நம்பர் அசையல. குளியலறைத் தரையில உக்காந்து ஒரு மணி நேரம் அழுதது..."

சட்டென்று நிறுத்தினான்.

"நான்தான் அழுதேன்," என்றான். "உங்கள்ல யாருக்காவது முடியுமா இது?"

"நீ அழுதியா?" எல்ராய் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அதைப் பாக்க டிக்கெட் போட்டிருக்கலாமே!"

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் மேவிஸ். "இந்த ஆபரேஷன் பண்ணவங்களுக்கு ஆஸ்பத்திரியில ஒரு அட்டை குடுப்பாங்க, சின்னத் தட்டு குடுங்கன்னு எழுதி. போன மாசம் ஒருத்தன் அவனே எழுதிக் கொண்டாந்தான். துரத்தி விட்டேன். உன்னுது எங்க? எடு."

க்ளைட் தயங்கினான். பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்து, கட்டைவிரலால் பாதியை மூடிக்கொண்டு தூரத்திலேயே காட்டினான்.

"நான் என்ன கழுகா? குடுடா இப்படி."

பிடுங்கினாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

நெல்டா மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, போலியா?" என்று எட்டிப் பார்த்தார் எல்ராய்.

"உன் மீன் ஆறுது. தின்னு."

மேவிஸ் அட்டையைக் கவிழ்த்து க்ளைடின் பையிலேயே செருகினாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. குறுக்கு வழின்னு சொன்ன என் வாயைத்தான் சோப்புப் போட்டுக் கழுவணும். இந்த அவஸ்தையில ஒரு நாள் கூட நான் தாங்க மாட்டேன்."

சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு கத்தல் கத்தினாள். "ஆல்சிட்! க்ளைடுக்கு ஒரு சின்னத் தட்டு! எண்ணெயில போடாதே, சுட்டுக் குடு. நெல்டாவுக்குப் பெரிய தட்டு. கெளுத்தி வறுவலைக் குவிச்சு வை!"

"அப்ப எனக்கும் ஒரு சின்னத் தட்டு," என்றார் எல்ராய்.

"நீ முதல்ல அட்டை கொண்டா."

தட்டுகள் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். சமையல்காரன் ஆல்சிட் கரண்டியும் கையுமாக ஓடி வந்து, கல்லாவில் இருந்தவளின் காதருகே குனிந்தான்.

"மிஸ் மேவிஸ், ஏமாந்துட்டீங்க! ஜன்னல் வழியாப் பாத்தேன். நீங்க இந்தப் பக்கம் வந்ததும் அந்தாளு தட்டை மாத்திட்டான். பெரிய தட்டை வழிச்சு வழிச்சுத் தின்னுட்டிருக்கான். சின்னத் தட்டு அந்தம்மா கையில இருக்கு!"

"மெதுவாப் பேசுடா," என்றாள் மேவிஸ், நிமிராமலே. "அட்டையில இருக்கறது அவ பேருதான்."